டெஸ்மண்டின் பாசியும் நொலீனின் கேக்கும்

எங்கள் மேற்குக் கரையில் மழையைக் குறை சொல்லாத மனிதர் டெஸ்மண்ட் கிலூலி ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் பின்னால், ரிமு மரங்களின் நிழலில் ஸ்பாக்னம் பாசி மெத்தை மெத்தையாகக் கிடக்கிறது. அதைப் பிடுங்கி உலர்த்தி, ஜப்பானில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு விற்பது அவர் தொழில். அதைப் பற்றிப் பேசுவது அதைவிடப் பெரிய தொழில்.

மதுக்கடையில் யார் அகப்பட்டாலும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"வேரே கிடையாது, தெரியுமா? ஆனா தன் எடையப்போல பல மடங்கு தண்ணி குடிக்கும். சுத்தியிருக்கிற தண்ணியப் புளிப்பாக்கிடும். அதுக்குள்ள எதப் பொதைச்சாலும் அழுகாது. எதுவும்!"

"உன்னயே பொதைச்சுப் பாத்துடலாமா?" என்பான் கடைக்காரன்.

டெஸ்மண்டின் மனைவி நொலீன், கணவரின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பழக் கேக் செய்வாள். அதை வெட்ட உளி வேண்டும். நொலீன் நல்லவள் என்பதால் ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. டெஸ்மண்டோ, "காட்டுல வேல செய்யறப்ப சாப்பிட்டுக்கறேன்" என்று, அவள் பூத்தையல் போட்ட துணியில் கட்டி எடுத்துப் போவார். திரும்பி வந்து, "ஒரு துணுக்கு விடல!" என்பார். துணி எங்கே என்றால் காற்றில் பறந்துவிட்டதாம்.

அந்தப் புகழ்ச்சியை நம்பி, இந்த வருஷம் மாவட்டக் கண்காட்சிப் போட்டிக்குக் கேக் அனுப்பப்போவதாக நொலீன் சொல்லிவிட்டாள். ஊர் சிரிக்குமே என்று டெஸ்மண்டுக்குக் கவலை. உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பாசி வாங்க வியாபாரி வருகிறார். நொலீன் பாசி பிடுங்கும் பெரிய முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"போகாத நொலீன், மழ வருது!"

"இங்க மழ வராத நாள் ஒண்ணு சொல்லு, அன்னிக்குப் போறேன்."

பக்கத்து வீட்டுக்காரன் என்று நான் சாக்கு தூக்கப் போனேன். ஒரு மரத்தடியில் பாசியை இழுத்ததும் பூத்தையல் துணி வந்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. உள்ளே கேக்குகள், தேநீர் நிறத்தில், அழுகலே இல்லாமல். முள்கரண்டியின் ஒரு பல் வளைந்துவிட்டது.

நொலீன் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகப் போயிற்று.

"நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றாள். "போட்டிக்கு வேற அனுப்ப இருந்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று சாயங்காலத் தேநீரோடு டெஸ்மண்ட் முன்னால் ஒரு துண்டு கேக் வந்தது. ஓரத்தில் ஒரு பாசி இழை ஒட்டியிருந்தது.

"இது... எந்த வருஷத்துது?"

"தெரியல. அழுகாதுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீதானே? சாப்பிடு," என்றாள் நொலீன். "ஒரு துணுக்கு விடாத."