வெல்லக் கொப்பரையில் வெந்நீர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கமலா தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். கைத்தடி இல்லை, என் தோளும் இல்லை. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, நாங்களும் அயனம்பாக்கத்துக்கு மூட்டை கட்டினோம். வழியில் மாட்டுவண்டி குடை சாய்ந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் தப்பின... கமலாவின் இடுப்புதான் தப்பவில்லை. எலும்பு முறிவில்லை. ஆனால் தசை இறுகிப் போய், படுத்தால் எழுந்திருக்க முடியாது.

பூந்தமல்லியிலிருந்து வந்த டாக்டர் சொன்னார்: "தினம் இடுப்பு மூழ்க வெந்நீரில் உட்காரணும். கை பொறுக்கிற சூடு போதும். அப்புறம் மெள்ள நடக்கணும். படுத்தே கிடந்தால் கடைசி வரைக்கும் படுக்கைதான்."

உட்காரத் தொட்டிக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்த தவலையில் ஒரு கால்தான் நுழையும்.

"ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போமே" என்றேன்.

"அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரத்தான் போறேன்" என்ற கமலா, படுத்தபடியே ஜன்னலைக் காட்டினாள். பக்கத்து வீட்டு வீராசாமியின் களத்தில், கரும்புச்சாறு காய்ச்சும் பெரிய இரும்புக் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது.

போய்க் கேட்டேன். வீராசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா ஐயா, வெல்லம் காச்சுறதுல மனுசாள் குந்துறதா? ஊர்ல சிரிப்பாங்க."

அவர் மனைவி கன்னியம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "சிரிக்கிறவன் வந்து அந்தம்மாவ தூக்கி நிறுத்துவானா? ஆலை ஓட இன்னும் நாள் கீது. எட்துகினு போவட்டும்."

பின்கட்டில் தட்டி கட்டினோம். நான் வெந்நீர் சுமந்தேன். கன்னியம்மா விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்து, கமலாவைத் தாங்கி உள்ளே இறக்கினார். பட்டணத்து ஐயா பெண்டாட்டியைக் கொப்பரையில் போட்டு வேகவைக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

முதல் நாள் வெளியே வந்து ஓரடி வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னிக்குப் போதும்மா" என்றார் கன்னியம்மா.

"இன்னும் ஒரு அடி" என்றாள் கமலா. வைத்தாள்.

அன்றுதான் முனகாமல் தூங்கினாள். அப்புறம் ஒருநாள் கூட விடவில்லை. விறகு ஈரமாக இருந்த நாளிலும், ஜன்னி வரும் என்று யாரோ பயமுறுத்திய நாளிலும் கொப்பரையில் உட்கார்ந்தாள். வெந்நீர் இளக்கியதை நடந்து நடந்து வசப்படுத்திக்கொண்டாள்.

நாமெல்லாம் எப்படிக் குளிக்கிறோம்? நாலு செம்பு ஊற்றிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறோம். வெந்நீரில் சும்மா உட்கார்ந்திருப்பது சோம்பேறி வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை... உடம்பை இளக்குவதற்கும் ஒரு பிடிவாதம் வேண்டியிருக்கிறது.

ஆலை ஓடும் நாள் நெருங்கியது. நேற்று கொப்பரையைத் துலக்கி வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லப் போனேன். வீராசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்கியே இருக்கட்டும் ஐயா. வெல்லத்துக்குத் தம்பி ஊட்டுக் கொப்பரை கீது. ஏர் ஓட்டி ஓட்டி எனக்கும் முதுகு புட்ச்சிகினு கீது... சாயங்காலம் தண்ணி காச்சுவீங்களா?"

இப்போது வெந்நீர் சுமக்கும் வேலை எனக்கு இரண்டு மடங்கு.