காலை கிள்ளான் வண்டி

எங்கள் அப்பா கையசைத்து யாரையும் வழியனுப்பி நான் பார்த்ததே இல்லை. அவர் ரயில்வேயில் கார்டு. நாள் முழுக்கக் கொடியாட்டிக் கை அலுத்துப்போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால், கொய்யா மரத்தைத் தாண்டினால் தண்டவாளம். அப்பாவின் பிற்பகல் வண்டி கிள்ளானுக்குப் போகும்போது வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேலியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவோம். டிரைவர் கையசைப்பார். கரி தள்ளுகிறவர் கையசைப்பார். மூன்றாம் வகுப்பில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத சீனத்து அம்மாள்கூடக் கையசைப்பாள். கடைசிப் பெட்டியின் வாசலில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நிற்கும் அப்பா மட்டும் எங்களைப் பார்த்துவிட்டு, உடனே சிக்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

வீட்டில் அந்தக் கைக்கு இருந்தது ஒரே வேலைதான். ஒரு பேச்சு பிடிக்கவில்லை என்றால் ஈ ஓட்டுவது போல ஒரு வீசு வீசுவார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்காவின் ஆசைக்கும் அந்த வீசுதான் கிடைத்தது. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்கு எட்டு. கிள்ளானில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். விடுதியிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை அவள் அங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"பொம்பளப் பிள்ளைய வெளியூர்ல விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?" என்றார் அப்பா.

இந்த வெளியூருக்குத்தான் அவர் தினமும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வாரம் ஒருமுறை நண்டுகூட வாங்கி வருவார், வீடு வந்து சேரும்போதும் அது உயிரோடுதான் இருக்கும். அம்மா மெதுவாக, "ஏங்க, நீங்க தினமும் போற ஊருதானே?" என்று கேட்டாள். கை வீசப்பட்டது.

அன்றிலிருந்து அப்பா அக்காவோடு பேசவில்லை. பேச வேண்டியது எதுவானாலும் என் வழியாகத்தான். ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு, "அவகிட்ட உப்பக் கேளு" என்பார். நான் கேட்பேன். "அப்பாகிட்ட குடு" என்பாள் அக்கா. கையெட்டும் தூரத்தில் இருக்கும் உப்பு என்னைச் சுற்றிக்கொண்டு போகும். இவ்வளவு முக்கியமான ஆளாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை. பெருமையாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அக்காவும் அப்பாவின் மகள்தானே. வியாழக்கிழமை ராச்சாப்பாட்டின்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பாகிட்ட சொல்லு, சனிக்கிழமை காலை வண்டியில கிள்ளானுக்குப் போறேன்" என்றாள். சொன்னேன். அப்பா கையைக்கூட வீசவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினார்.

காலை வண்டியை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிற்பகல் வண்டி அப்பாவுடையது. காலை வண்டிக்குப் பக்கத்து வீட்டு மாமா கார்டு. கார்டு கொடி அசைக்காமல் கவர்னர் துரையே ஏறி உட்கார்ந்திருந்தாலும் வண்டி நகராது என்பது ரயில்வே பிள்ளைகளான எங்களுக்குத் தெரியும். அப்பாவின் வண்டியில் ஏறினால் அப்பா கொடியைத் தூக்கவேண்டுமே! மாமா என்றால் சிரித்துக்கொண்டே தூக்கிவிடுவார்.

சனிக்கிழமை விடியும்போது அப்பா வீட்டில் இல்லை. "புள்ள போறதக் கண்ணால பாக்கக்கூடாதுன்னு கெளம்பிட்டாரு" என்றாள் அம்மா. அக்கா தகரப்பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி மூடிக்கொண்டே அழுதாள். அம்மா அவளுக்கு ஒரு துண்டும் ஊறுகாய் ஜாடியும் கொடுத்து, தலையில் கைவைத்து ஜெபித்தாள். மூவரும் ஒரே ரிக்‌ஷாவில் ஸ்டேஷனுக்குப் போனோம். பெட்டி என் மடியில்.

பிளாட்பாரத்தில் கிள்ளான் வண்டி புகை விட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியின் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, இரண்டு கொடிகளையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர் மாமா இல்லை. அப்பா.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நிமிடம் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோய்ப் பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மணி அடித்தார்கள். வழக்கமாக மணி அடித்த கையோடு அப்பாவின் கொடி எழும்பிவிடும். அன்று எழும்பவில்லை. வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வாசலுக்கே வந்துவிட்டார். வண்டியில் இருந்த ஒரு தோட்டத்துக் கங்காணி, "என்னா லா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அலுத்துக்கொண்டார். அப்பா வண்டியை விடப்போவதில்லை, அக்காவை இறக்கப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அக்காவின் பெட்டிக்கு வந்தார். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். இன்னொருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவகிட்ட சொல்லு, வண்டி கெளம்புனதும் ஜன்னல் பலகைய ஏத்திக்கச் சொல்லு. கரி கண்ணுல விழும்."

அக்கா இரண்டு முழத் தூரத்தில்தான் இருந்தாள். நான் கடமை தவறாமல் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லு, போய்ட்டு வரேன்னு" என்றாள். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தலையை ஆட்டிவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கடைசிப் பெட்டிக்குப் போய் விசில் ஊதினார். பச்சைக் கொடி எழுந்தது. வண்டி குலுங்கி நகர்ந்தது. அக்கா அம்மா கொடுத்த துண்டையே வெளியில் நீட்டி ஆட்டினாள். பலகையை அவள் ஏற்றவே இல்லை. அம்மாவும் நானும் கை வலிக்க ஆட்டினோம். கடைசியாக அப்பா எங்களைக் கடந்தார். வண்டி கிளம்பிய பிறகு கொடிக்கு வேலை இல்லை, சுருட்டி வைத்துவிட வேண்டியதுதான். அவரோ வாசலில் சாய்ந்துகொண்டு, வளைவில் மறையும்வரை எங்களைப் பார்த்து அதை ஆட்டிக்கொண்டே போனார்.

வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு மாமா கைலியோடு வாசல் படியில் உட்கார்ந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்து தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு பொட்டலம் காத்திருந்தது.

"மாமா, காலை வண்டி உங்களுதுதானே? ஏன் போகல?"

மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "காய்ச்சல்லா, பாப்பா. நேத்து சாயங்காலமே உங்கப்பா வந்து, நாளைக்கு உனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டாரு."

அம்மா ரிக்‌ஷாக்காரர் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாட்கள் ஆகியிருந்தன. ஒருவருக்குக் காய்ச்சல் வருவதை முதல் நாளே கண்டுபிடிக்கும் வித்தையை அப்பா எங்கே கற்றார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றெல்லாம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது பொட்டலத்தையும் பிரிக்கும் மாமாவைப் பார்க்கப் பாவமாக மட்டும் இருந்தது.

அன்று மாலை குடும்ப ஜெபத்தை நான்தான் நடத்தினேன். அக்காவைக் கிள்ளானில் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி ஆண்டவரைக் கேட்டேன். கூடவே, பக்கத்து வீட்டு மாமாவின் காய்ச்சலைச் சீக்கிரம் குணமாக்கும்படியும் மனமுருகி வேண்டிக்கொண்டேன். அதற்கு எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அப்பாதான்.