விழுப்புரமா, திருவண்ணாமலையா

செஞ்சியில் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் திருவண்ணாமலை, தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் விழுப்புரம். எட்டு வயது வரை இந்த இரண்டு ஊர்களாலும் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், இரண்டில் ஒன்றில் என்னை விட்டுவிடப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தாள். அவளுடைய தட்டும் தம்ளரும் தனியாகக் கிடந்தன. என்னைப் பக்கத்தில் படுக்க விடமாட்டாள். கிட்டே போனால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்தாண்ட போ" என்பாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன். ஊரை விட்டு அனுப்புவது அதற்கான தண்டனை என்றும் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் மாமா இருந்தார், அம்மாவின் அண்ணன். விழுப்புரத்தில் அத்தை, நைனாவின் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து உட்கார்ந்து, சம்பந்தம் பேச வந்தவர்கள் போல ஆளுக்கொரு ஊரின் பெருமையை அவிழ்த்துவிட்டார்கள்.

"விழுப்புரம் ஒரு ஊரா மாப்ள? வண்டி மாத்த எறங்கற எடம். பக்கத்து ஊட்டுல யாருன்னு கேட்டா, போன மாசம் இருந்தவங்களா, இப்ப இருக்கறவங்களான்னு கேப்பான்" என்றார் மாமா.

அத்தை விடுவாளா? "திர்ணாமலைல மட்டும் இன்னா வாழுது? சாமியாருங்களும் கூட்டமுந்தான். தீபத்துக்குத் தீபம் எத்தினி புள்ளைங்க காணாமப் போவுது!"

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஊரில் கூட்டம் என்னை விழுங்கிவிடும், இன்னொன்றில் யாரோ கையைப் பிடித்து ஏதோ ஒரு ரயிலில் ஏற்றிவிடுவார்கள். எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் இரண்டு ஊர்களிலும் குடியிருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இருவர் சொன்னதிலும் பாதி உண்மை. திருவண்ணாமலையில் வழி கேட்டால் மலையைக் காட்டிச் சொல்வார்கள். விழுப்புரத்தில் மணி கேட்டால் ரயிலைச் சொல்வார்கள். திருவண்ணாமலைக்காரர்கள் நம் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்து முடித்த பிறகு சாப்பிடச் சொல்வார்கள். விழுப்புரத்தில் முதலில் இலையைப் போட்டுவிட்டு அப்புறம்தான் யார் என்று கேட்பார்கள், வந்தவருக்கு வண்டிக்கு நேரமாகியிருக்கும் என்ற பயத்தில். எட்டு வயதில் இதையெல்லாம் யார் கண்டது?

பேச்சு முற்றி மாமா துண்டை உதறி எழுந்தபோது நைனா குறுக்கே விழுந்தார். "நமக்குள்ள எதுக்கு வம்பு? அங்காளம்மாவையே கேட்டுடலாம்."

பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று முடிவுக்கு வர முடியாவிட்டால் எங்கள் பக்கத்தில் பூக் கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எங்களுக்கு வெள்ளை அரளி விழுப்புரம், சிவப்பு அரளி திருவண்ணாமலை. பூவரச இலையில் மடித்து நாரால் கட்டியது அம்மா. எடுக்க வேண்டிய குழந்தை நான்.

மேல்மலையனூருக்கு நைனா, அம்மா, நான் மூவரும் போனோம். அமாவாசை இல்லாததால் கோயிலில் கூட்டமில்லை. அங்காளம்மனின் கண்கள் என்னை மட்டுமே பார்ப்பதாகத் தோன்றியது. என்னை நானே அனுப்பிவைக்க வேண்டுமா என்று அழுகை வந்தது. அம்மா சற்றுத் தள்ளி நின்றபடி சொன்னாள்:

"பயப்படாத. எதுன்னாலும் எடு."

எடுத்தேன். வெள்ளை. நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் இன்னொரு பொட்டலத்துக்குக் கை நீட்டுவதற்குள் அம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். பொட்டலம் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, சீட்டுக்கு அடியிலேயே பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை அரளி.

அந்த நேரத்துப் பயம் இன்னும் நினைவில் இருக்கிறது. கூடப்பிறந்த அண்ணன் வீட்டை விட்டுவிட்டு, யாரும் நிலைத்து இருக்காத ஊருக்கு என்னைத் தள்ளிவிட அம்மா சாமியையே ஏமாற்றியிருக்கிறாள். அப்படியென்றால் திரும்ப அழைத்துக்கொள்ளும் எண்ணமே அவளுக்கு இல்லை. பொட்டலத்தை ஜன்னல் வழியே எறிந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் விழுப்புரம் ஸ்டேஷனில் நைனாவும் அம்மாவும் மதராஸ் வண்டியில் ஏறினார்கள். இன்ஜின் போட்ட சத்தத்தில் நான் அத்தையின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணி, இங்கேர்ந்து ஊடு எவ்ளோ தூரம்?"

"கூப்புடு தூரந்தான். வண்டி ஊதினா ஊட்டுல கேக்கும்."

அம்மாவின் முகம் தெளிந்தது. கண்ணில் நீரோடு சிரித்தாள். என்னைத் தொலைத்துவிட்ட நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் போனது மதராஸ் பக்கத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்கு. பிழைத்தால், அங்கிருந்து எங்கள் பக்கம் வரும் எந்த வண்டியும் விழுப்புரத்தில் நிற்காமல் போகாது. இறங்கி நடந்தால் முதல் முகமாக என்னைப் பார்த்துவிடலாம். அதை அங்காளம்மன் கையில்கூட விட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

எனக்கு அதெல்லாம் தெரியாது. வண்டி ஊதும்போதெல்லாம் என்னை ஏற்றிப் போக வந்துவிட்டார்கள் என்று ஓடி ஒளிவேன். மறு வருஷம் அம்மா வந்து இறங்கிய வண்டி ஊதியபோதும், அத்தை வீட்டு நெல் மூட்டைக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.