ஆணிக்காரி

நகைக்கடை திறக்கும் பைத்தியம் பிடித்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் குடும்பப் பெயர் ‘ஆணிக்காரர்’. திடீரென்று ஒருநாள் அதற்குப் புது அர்த்தம் கண்டுபிடித்தார்.

“ஆணின்னா இரும்பாணின்னு நினைச்சியா? ஆணிப்பொன்! மாத்துக் குறையாத தங்கம். எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் தங்கத்தை உரசிப் பார்த்தவங்க.”

“எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு” என்றேன்.

பாட்டனும் பூட்டனும் அடித்தது படகுக்கான இரும்பாணி. இன்றைக்கும் அதை அடிப்பவள் இவருடைய தங்கை, என் நாத்தனார். மாமனார் படுத்த படுக்கையானபோது, புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்த மகாராஜா நழுவிவிட்டார். அவள்தான் உலையைப் பற்றவைத்தாள். சம்மட்டிச் சத்தத்தில் ஒரு காது போயே போய்விட்டது. அந்தப் பட்டறைச் சோற்றைத் தின்றுதான் இவர் படித்தார். படகு கட்டுகிறவர்கள் “ஆணிக்காரம்மா” என்று கூப்பிட்டால் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பெயர்மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்.

பட்டறையை ஒட்டியே கடை. பலகையில் ‘ஆணிப்பொன் மாளிகை’. அடுத்து, பட்டறையை மூடிவிட்டு வேறெங்காவது போகச் சொல்லி அவளை நச்சரித்தார்.

“நான் எங்கண்ணா போவேன்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே” என்றாள் அவள்.

திறப்பு நாளன்று அவள் உலையை அணைத்துவிட்டு, முகம் கழுவி, இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு, அண்ணன் கடையைப் பார்க்க ஆசையாக வந்தாள். வாசலில் கால் வைத்த நேரம், வந்திருந்த பணக்காரர் ஒருவர் இவரிடம், “பக்கத்துல பட்டறை வெச்சிருக்கிற அந்தம்மா யாரு?” என்று கேட்டார்.

இந்த மனுஷன் நாக்கூசாமல் சொன்னார்: “யாரோ வாடகைக்கு இருக்கிறவங்க. சீக்கிரம் காலி பண்ணச் சொல்லியிருக்கேன்.”

அவளுக்குக் கேட்கிற அந்த ஒரு காதில் அது தெளிவாகவே விழுந்துவிட்டது. அவள் வாசலோடு திரும்பிப் போனாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

“யாரோவா? கூடப்பிறந்த தங்கச்சிங்க அது! இரும்பு அடிச்சு உங்களைப் படிக்க வெச்சவ!” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். மானம் போய்விட்டதாம் அவருக்கு. போகட்டுமே!

மறுநாள் காலை பட்டறைக்குப் போய்க் குழைந்தார். “வியாபாரத்துக்காக ஏதோ சொல்லிட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே.”

அவள் பழுத்த கம்பியை உலையிலிருந்து எடுத்து அடிகல்லில் வைத்தாள்.

“தள்ளி நில்லுங்க சார், பொறி பறக்கும்.”