இடுப்பொடிந்த எழுத்து

துளை போட்ட அட்டையைப் பார்த்தால் இன்றைக்கும் வரிசை சரியா என்று என் கண் தேடும்.

எங்கள் தறிக்கு மேலே அப்படிப்பட்ட அட்டைகள் நூலில் கோத்து மாலையாகத் தொங்கும். நைனா மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக நகரும். துளைகள் சொன்னபடி கரையில் ஜரிகை எழும்பும். கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டியிருப்பதால், முடிந்த இடத்தில் மறுபடி தொடங்கிவிடும். அந்த முறை, பட்டு கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளி கேட்டது ஒரு முகூர்த்தப் புடவை. கரை நெடுக ‘சிவ சிவ’ என்று எழுத்து.

அட்டை கோத்தது அம்மா. மடியில் ஜுரத்தோடு தம்பி. நாலைந்து அட்டைகள் புரண்டுவிட்டன. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் மூன்றாம் வகுப்புப் போய்க்கொண்டிருந்த நான் மட்டும். நெய்ததைப் படித்தேன். ஒவ்வொரு ‘வ’வுக்கும் இடுப்பு ஒடிந்திருந்தது.

“நைனா, எழுத்து ஒடஞ்சிக்கினே வருது.”

“தெரியும்மா. கத்தாத, அம்மா காதுல வுழப்போவுது.”

அவர் கவனிப்பதற்குள் முழக்கணக்கில் ஓடிவிட்டது. பிரித்தால் பட்டு பாழ். இனித் திருத்தினால் பழையது காட்டிக்கொடுத்துவிடும்.

“ஒரு எடத்துல இருந்தாத்தாம்மா தப்பு. வரிசையா வந்துக்கினே இருந்தா டிசைன்னு நெனச்சிக்குவாங்க” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

இந்தச் சுற்றிலாவது முழுசாக வந்துவிடாதா என்று ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டு தறியடியிலேயே கிடந்தேன். அட்டைக்கு அதெல்லாம் தெரியுமா? ஒடிந்தே வந்தது.

முதலாளி வீட்டுக்கே வந்து புடவையை விரித்தார்.

“ஏம்பா, சாமி பேர இப்பிடி ஒடச்சி ஒடச்சி வச்சிக்கிறியே! இத கட்டிக்கினு எந்தப் பொண்ணுபா மணையில ஒக்காரும்?”

“அட்ட கோத்தது நான்தான் மொதலாளி” என்றார் நைனா. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ போய் புள்ளயப் பாரு” என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

கூலி இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளித் தந்த கூலியாளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் காலை நான் பையை மாட்டும்போது நைனா என் முகத்தைப் பார்க்காமல், “இன்னிக்கி இங்க வந்து ஒக்காருமா” என்றார்.

கணக்கு வாத்தியாரிடம் அடி தப்பியது என்று ஓடிப்போய் உட்கார்ந்தேன். எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம், நாளைக்கு வாத்தியார் பார்ப்பாரே என்ற பயத்தில், கரியும் கோவையிலையும் போட்டு, பள்ளிக்கூடத்தில் எழுதும் பலகையைத் தேய்த்துக் காயவைத்தேன்.

அம்மாவும் நைனாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நைனா நாளைக்கு வேண்டிய நாடாவில் நூலேற்றி, நான் உட்கார்ந்த இடத்தில் வைத்தார்.