பஸ்ஸில் கொடுத்த மாத்திரை

இன்று காலை பஸ்ஸில் செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கப் போகிறவள், என் பஸ் சிநேகிதி. இடது கை விரலில் பெரிய கட்டு.

"ஏட்டி, என்ன ஆச்சு?"

"மிஷின்ல உக்காந்திருக்கும்போதே கண்ணு சொருவிட்டுக்கா. ஊசி விரல்ல ஏறிட்டு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தாநாள் இதே பஸ்ஸில் கழுத்துப் பிடிப்பு என்று துடித்தாள். என் இடுப்புப் பிடிப்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த, தசையைத் தளர்த்துகிற மாத்திரை கைப்பையில் மிச்சமிருந்தது. கடலைமிட்டாய் நீட்டுவதுபோல எடுத்து நீட்டினேன்.

"எப்பம்ட்டி போட்ட?"

"நேத்து வேலைக்கு உக்காரும்போதுதான். சளி மாத்திரையும் சேத்துப் போட்டேன்."

இது தூக்கம் வரவைக்கும், போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது, சளி மாத்திரையோடு சேர்க்கக்கூடாது என்று டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் நான் ராத்திரி மட்டும்தான் போட்டேன். அவளிடம் அதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு மாத்திரையைக் கொடுத்ததும் என் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

"என்னாலதாம்ட்டி. இனிமே டாக்டர்ட்ட காட்டாம யாரு குடுத்தாலும் போடாத" என்றேன்.

"அட போங்கக்கா. மாத்திரை நல்லாக் கேட்டுச்சு. கழுத்துவலி இருந்த இடம் தெரியல" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. நான் இறங்க எழுந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"இன்னும் ரெண்டு இருக்காக்கா? பக்கத்து மிஷின் அக்காவுக்கும் இடுப்பு வலியாம். உங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

நல்ல மனசுக்காரர்களே, உங்கள் கைப்பையில் என்ன மாத்திரை இருக்கிறது?