நடுவில் வைத்த தட்டு

செங்கல்பட்டு பஜார் பெருமக்களுக்கும், லாரி ஓட்டும் அண்ணன்மாருக்கும், ரயிலைக் கோட்டைவிட்டுப் பசியோடு திரிகிறவர்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் அறிவிப்பது என்னவென்றால், கிரீஸ் ஓட்டலின் வெள்ளரிக்காய்ப் பச்சடியில் இனி உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும்.

காரணம், கை மாறிவிட்டது. இதுவரை அதைக் கலக்கிய துலுக்காணம் அண்ணாத்த போய்விட்டார்.

இதற்கு மேல் வேடிக்கையாக எழுதத் தெம்பில்லை. பெஞ்சு தூக்கியும், பந்தல் கால் நட்டும், மணலில் நடந்தும், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் அலுத்துப் போயிருக்கிறேன். நம் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியன் பாபுதான் விடவில்லை. “அங்க மொத மொத கை வெச்சவன் நீதான்டா, நீதான் எழுதணும்” என்றான். அது சரித்திர உண்மை. கிரீஸ் ஓட்டலின் பொதுத் தட்டில் முதலில் கை வைத்த செங்கல்பட்டுக்காரன் நான். இதை நான் சொல்லி நீங்கள் கேட்காத நாள் கிடையாது. இன்றும் ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவனும் பாபுதான். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, “அண்ணாத்த பூட்டாரு” என்றான். அதற்கு முந்தைய வாரம்தான் தலைமையாசிரியரை மாற்றிவிட்டார்கள் என்று புளுகி வகுப்பையே கைதட்ட வைத்தவன். நம்பும்படியாக ஒரு பொய் சொல்லச் சொன்னேன். கீழே கிடந்த சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எனக்கும் புரிந்தது. மகாபலிபுரம் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸில் மீன் கூடை இறக்கப் போனவர், பஸ் ஸ்டாண்டுத் திண்டில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்தது, கூடை இறங்கியது, அவர் எழுந்திருக்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அண்ணாத்த கடற்கரைக் குப்பத்துக்காரர். கிரேக்கக் கப்பல் ஒன்றில் குசினி ஆளாகச் சேர்ந்து, பல வருஷம் வெங்காயம் உரித்து, பிறகு சமைத்து, ஊர் திரும்பி நம் பஜாரில் கடை போட்டார். கிரீஸ் நாட்டுத் துறைமுகத்துத் தெருவில் மேஜை போட்டிருப்பார்களாம், போகிறவன் வருகிறவன் உட்கார்ந்து சாப்பிடுவானாம். அதே மாதிரி என்று வாசலிலேயே மேஜை போட்டார். சுட்ட மீனில் எலுமிச்சை பிழிந்து வைப்பார். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் வெள்ளரியும் பூண்டும் சேர்ந்தால் பச்சடி. ஆலிவ் எண்ணெய் நம் ஊரில் மருந்துக்கடையில் பச்சைக் குழந்தைக்குத் தடவத்தான் கிடைக்கிறது என்பதால் நல்லெண்ணெய். கோசு இலையில் கைமாவும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைத்துத் தருவார். ஆரம்பத்தில் சாப்பிட்ட வழிப்போக்கர்கள் அந்த இலையைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்து வைத்து எழுந்தார்கள். அண்ணாத்த அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைப் பெயரைப் பார்த்ததும் எங்களுக்குக் கை அரித்தது. ஒரு லாரி கிளீனரைப் பிடித்து, அங்கே நல்ல கிரீஸ் கிடைக்கிறது, டப்பாவோடு போ என்று அனுப்பிவைத்தோம். எதிர்க்கடை மறைவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அண்ணாத்த டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தார். கிளீனரை உட்காரச் சொன்னார், லாரியிலிருந்து டிரைவரையும் கூப்பிட்டார். இருவரும் சாப்பிட்டு எழுந்தபோது டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: “சக்கரத்துக்குப் போட்டா வண்டிதான் ஓடும் நைனா. வயித்துக்குப் போட்டாத்தான் டிரைவர் ஓட்டுவான்.” அந்த லாரிக்காரர்கள் அன்று முதல் வாடிக்கை ஆனார்கள். எங்கள் குறும்பு ஒன்று ஒருவருக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தது அதுதான் முதலும் கடைசியும்.

லாரிக்காரர்கள் சாப்பிட்டது ஆளுக்கொரு தட்டில்தான். வழியில் போகிறவர்கள் என்று அண்ணாத்த விட்டுக்கொடுத்தார். உள்ளூர்க்காரர்களிடம் விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு பேர் வந்தாலும் மேஜை நடுவில் ஒரு பெரிய தட்டு, அவ்வளவுதான். நம் ஊரில் ஓட்டலென்றால் ஆளுக்கு ஓர் இலை. அடுத்தவர் கை பட்டால் எச்சில். வந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள், தனித்தட்டு கேட்டார்கள். தட்டு நிறைய இருக்கிறது, தரமாட்டேன் என்றார். எழுந்து போனார்கள். கடை காற்று வாங்கியது. அடுத்த பொங்கலுக்கு இந்தக் கடை இருக்காது என்று பஜாரே பேசியது.

அந்தச் சமயத்தில்தான் நானும் பாபுவும் போய் உட்கார்ந்தோம். அண்ணாத்தயும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டு வந்தது. நான் தயங்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையை விட்டேன். மீன், ரொட்டி, பச்சடி என்று பாதித் தட்டைக் காலி செய்த பிறகுதான் எதிரிலிருந்து அண்ணாத்தயின் கை வந்தது, பிறகு கூச்சத்தோடு பாபுவின் கை. மூன்று கையும் ஒரே தட்டில். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து யார் தனித்தட்டு கேட்டாலும் அண்ணாத்த என்னைச் சுட்டிக் காட்டுவார். “இந்தப் புள்ள மொத கை வெச்சிது. இதுக்கு இன்னா ஆயிப்போச்சு? வாலு மட்டும் வளந்துகினு கீது.”

விஷயம் என் அப்பாவுக்குப் போயிற்று. அவர் ரயில்வேயில் குமாஸ்தா, சுத்தக்காரர். என்னை இழுத்துப் போக வந்தவர், மீன் வாசனையில் கொஞ்சம் நின்றார். மறுநாள் தானே வந்தார், பையில் வீட்டுத் தட்டோடு. உட்கார்ந்து, பையிலிருந்து தட்டை எடுத்துத் துண்டால் துடைத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். அண்ணாத்த மிக மரியாதையாக அந்தத் தட்டை எடுத்துப் போய், அதில் மீனை அடுக்கி, கொண்டுவந்து மேஜைக்கு நடுவில் வைத்தார். வைத்துவிட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தெருக்கோடி ஏரிப் பக்கம் பார்த்தேன். சொந்தத் தட்டை விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது? சாப்பிட்டார். அப்பா உட்கார்ந்ததைப் பார்த்து ரயில்வேக்காரர்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். கடை பொங்கலைத் தாண்டியது.

ஆனால் ஒருவர் மட்டும் உட்காரவில்லை. அது அண்ணாத்தயின் மனைவி கன்னியம்மா அண்ணி. மீன் கழுவுவதும் ரொட்டி வாட்டுவதும் அவர்தான். தினமும் கூட்டம் கலைந்த பிறகு அண்ணாத்த ஒரு நாற்காலியை இழுத்து வைத்து, “வா கன்னிம்மா, குந்து” என்பார். அண்ணி சமையல்கட்டு நிலையைத் தாண்டமாட்டார். நீ முடி, அப்புறம் பார்க்கலாம் என்பார். பிறகு அண்ணாத்த சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே சோற்றைப் போட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒரு லீவு நாளில் அண்ணாத்த கடையைச் சாத்திவிட்டு எங்களையும் அண்ணியையும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் அவருடைய குப்பத்துக்குக் கூட்டிப்போனார். மணலில் அடுப்பு மூட்டி மீன் சுட்டார். ஏற்றிவைத்த கட்டுமரத்தின் நிழலில் தட்டை நடுவில் வைத்தார். எதிரே கடலைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்கு அண்ணி உட்காருவார் என்று அவர் நிச்சயமாக நம்பினார் என்று நினைக்கிறேன். புதுச்சட்டை போட்டிருந்தார். அண்ணி தள்ளி உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். யாராவது பார்ப்பார்கள் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணாத்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என் எச்சத் தட்டுல துன்னுவா. என்கூட ஒண்ணாக் குந்தி ஒரே தட்டுல துன்னமாட்டா. இது இன்னா கணக்கு நைனா? படிக்கற புள்ளதானே நீ, சொல்லு.”

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஊரையே உட்காரவைத்த மனுஷன் அப்படிக் களைத்துப்போய் நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவர் உடலைக் குப்பத்துக்குக் கொண்டுபோனது அந்தப் பழைய லாரிதான். அதே டிரைவர், அதே கிளீனர். மணலில் தூக்கிக்கொண்டு நடந்த தோள்வலி இன்னும் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி எங்களைக் கடைக்கு வரச் சொல்லியனுப்பினார். சாமான்களை ஒழிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சோர்வோடுதான் போனோம். கடை திறந்திருந்தது. வாசலில் மேஜை. மேஜை நடுவில் தட்டு, மீன், ரொட்டி, பச்சடி. அவருக்குப் படைத்துவிட்டு அண்ணி எடுத்து வைத்திருந்தார். சுற்றி மூன்று நாற்காலி. பாபு கைகால் கழுவத் தண்ணீர்ப் பீப்பாய் பக்கம் போனான். அண்ணி நிலைப்படியிலேயே நின்றார்.

“நீ ஆரம்பி” என்றார் என்னிடம். “மொத கை உன்துதானாமே. தெனம் சொல்லுவாரு.”

அத்தனை நாள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய், அந்த அலுப்பில் அதற்குமேல் பீற்ற ஒத்துழைக்கவில்லை.

“நெஜம் சொல்லட்டா அண்ணி? அது மூணு பேருக்கும் வெச்ச தட்டுன்னு எனக்குத் தெரியாது. லாரிக்காரங்களுக்கு ஆளுக்கொரு தட்டு வெச்சதத்தான் பாத்திருந்தேன். மொத்தமும் எனக்குன்னு நெனச்சிதான் துன்னேன். அண்ணாத்த கை வந்தப்பதான் தெரிஞ்சிது. எழுந்து ஓட வெக்கமாப் பூடுச்சு, அதான் குந்திகினே இருந்தேன்.”

“அவரும் அப்பிடித்தான்” என்றார் அண்ணி. “கப்பல்ல பெரிய குசினிக்காரன் அந்த ஊரு ஓட்டலுக்குக் கூட்டிகினு போனானாம். தட்டு வந்திச்சாம். இவரு முக்காவாசி துன்னு முடிச்சப்பறம் அந்தாளு மெதுவா கைய நீட்டுனானாம். மானமே பூடுச்சுன்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு.”

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரியம் முடிகிறவரை அவர் முகத்தில் பார்க்காத சிரிப்பு. அது அடங்குவதற்குள் நிலையைத் தாண்டி வந்தார், அண்ணாத்த இழுத்துப் போடும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. தட்டில் கை வைத்தார். அதற்குப் பிறகு நான், ஈரக்கையோடு வந்த பாபு. பச்சடியில் உப்புத் தூக்கல். யாரும் சொல்லவில்லை.

கடையை அண்ணியே நடத்துகிறார். தனித்தட்டு இப்போதும் கிடையாது. எனக்கு அண்ணாத்தயிடமிருந்து மிச்சமாகியிருப்பது ஒரு பழக்கம்தான். வீட்டில் அம்மா தட்டு வைத்ததும், சட்டென்று கை போவதில்லை. எதிரில் ஏதாவது கை வருகிறதா என்று ஒரு கணம் பார்க்கிறேன். அம்மா, உடம்புக்கு என்னடா என்கிறாள்.

பாபு, நீ ஆசிரியன், இதை வெட்டாமல் போடு. உனக்கும் இன்றுதான் தெரிகிறது. முதல் கை வைத்தவன் என்று இனி யாரும் என்னைச் சொல்ல வேண்டாம். முழுத் தட்டும் தனக்கே என்று நினைத்து உட்கார்ந்தவர்களில் இரண்டாவது ஆள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

முதல் ஆள் அண்ணாத்த.